மண்டு தேறிவிட்டான்

கணக்கு டீச்சர் ஒவ்வொரு விடைத்தாளைத் திருத்தும்போதும் ஒரு பெருமூச்சு விடுவாள். அது அவளுக்கே தெரியாது. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் மொழி ஆசிரியர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"டீச்சர், நீங்க விடுற மூச்சுல என் பேப்பரெல்லாம் பறக்குது."

அவள்தான் என்ன செய்வாள்? அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டி, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டி, நடுவில் கோடு போட்டு முடித்துவிட்டார்கள். போன வருடமும் இதே விடைதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் தப்பைப் போட்ட பையன் ஒருவன் இப்போது தாடி வைத்துக்கொண்டு, தன் பிள்ளையைக் காலையில் வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். பிள்ளையும் தகப்பன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு தாளில் ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் இருபத்தாறு. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கீழே இருந்த எட்டிலிருந்து மேலே இருந்த இரண்டைக் கழித்திருந்தது ஒரு நல்ல குழந்தை.

இத்தனை வருடம் சிவப்பு மையைச் செலவழித்ததில் அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். சரியான விடை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும். தெரிந்து எழுதினானா, பக்கத்தில் பார்த்து எழுதினானா என்று சொல்ல முடியாது. தப்பான விடை அப்படியில்லை. அதில் போட்டவனின் மூளை கைரேகை வைத்திருக்கும்.

எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு அவளுடையது. மற்ற பிரிவுகளுக்குப் போக மிச்சமிருந்ததை அள்ளி ஓர் அறையில் போட்டு, அதற்கு 'சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டால் பதிலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருவன் கரும்பலகைக்கு வந்து தப்பாகப் போட்டுவிட்டால் போதும், தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து கையைத் தூக்குவான். அடுத்தவன் தப்பைச் சொல்வதில் மட்டும் அந்த வகுப்பில் சோம்பேறியே கிடையாது. பலகையில் நிற்கிறவன்தான் பாவம், அன்றோடு வாயை மூடிக்கொள்வான்.

எப்போதும் தப்பாகவே போடுகிற, எவ்வளவு சிரித்தாலும் முகம் சுண்டாத ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட பிள்ளை கிடைக்காது. செய்துகொண்டால்தான் உண்டு.

இப்படித்தான் அவள் சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தாள். அதைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரிந்தது, அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்பது மட்டும்தான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். வீடியோவில் வந்த இளைஞன் ஒவ்வொரு வரிக்கும் "ரொம்ப ஈஸி" என்று சொன்னான். தானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவள் அந்த வார்த்தையை வகுப்பில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், துவைக்கும் இயந்திரம் ஒரு பக்கம் குலுங்கிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரும் தன்னைத் தேடக் கூடாது என்று சோபாவில் கிடப்பவர்.

"என்னதான்மா செய்யறே அதுல?"

"ஒரு பையன்ங்க. கணக்கு கேட்டா தப்பா சொல்லுவான். பசங்க அவனைத் திருத்தணும்."

அவர் சோபாவிலேயே புரண்டு படுத்தார். "ஸ்கூல்ல இருக்கிறது பத்தாதுன்னு வீட்டுல வேற தயார் பண்றியா?"

"இவனுக்கு சும்மா விடையைச் சொன்னா ஒத்துக்க மாட்டான். ஏன்னு கேப்பான். படம் போட்டுக் காட்டினாத்தான் ஒத்துப்பான்."

"நான் ஆளுங்களை மேல கொண்டு போறதுக்கு மெஷின் பாக்கறேன். நீ கீழயே நிக்கறதுக்கு ஒண்ணு செய்யறே." எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். கலைந்த தலை, ஒரு பித்தான் தப்பிப் போட்ட சட்டை, பாதி திறந்த வாய். "அப்படியே உன் தம்பி மாதிரி இருக்கு."

"என் தம்பிக்கு என்ன?"

"அதான் சொல்றேனே. அப்படியே இருக்கு."

பையனின் தப்புகள் ஒன்றுகூட அவள் கற்பனை இல்லை. எல்லாம் விடைத்தாள்களிலிருந்து பொறுக்கியவை. அவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் போட்டுவைத்திருந்தாள்: இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் அவன் சொல்லும் தப்பு, அடுத்து அவன் சொல்லும் காரணம். கணினி தெரியாத ஆசிரியர்கூட அந்த அட்டவணையைத் திறந்து தன் வகுப்புத் தப்பைச் சேர்த்துவிடலாம். அந்த வசதியைச் செய்து முடித்த அன்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அதற்கு என்ன விலை என்பது பின்னால் தெரிந்தது.

செய்தாகிவிட்டது. பிள்ளைகளிடம் கொண்டுபோவது எப்படி என்பதுதான் அடுத்த பாடு.

பள்ளியில் கணினி ஆய்வகம் இருந்தது. மாணவர் கை படாமல் பாதுகாக்கப்பட்ட ஆய்வகம். ஒவ்வொரு கணினிக்கும் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் துணி, துணிக்கு மேல் லேப் சாரின் கண். விருந்தினர் வரும்போது மட்டும் துணியும் உறையும் எடுக்கப்படும். கண் எடுக்கப்படாது. தூசி என்பதை அவர் தனிப்பட்ட எதிரியாகக் கருதினார். பிள்ளைகளையும் தூசியில் ஒரு வகையாகத்தான் வைத்திருந்தார்.

அவருக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வேலை கிடையாது, மனைவியை அலுவலகத்திலிருந்து கூட்டிவர வேண்டும், ஆனால் சாவியை ஒப்படைக்க மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். "நீங்க கிளம்புங்க சார், சாவியை நான் ஒப்படைக்கிறேன்" என்றாள் கணக்கு டீச்சர். அவர் பாதி மனதோடு கொடுத்தார். "உறையைத் தொட்டுடாதீங்க டீச்சர்." அவர் போனதும் அவள் முதலில் தொட்டது உறையைத்தான்.

'சி' பிரிவு முதன்முதலாக ஆய்வகத்துக்குள் வந்து, மருத்துவமனையில் நுழைந்தது போலச் சுவரோரமாக நின்றது. அவள் ஒரு கணினியை இயக்கிப் பையனைக் காட்டினாள். அவனுக்கு அதுவரை பெயர் இல்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "ஐந்தில் இரண்டு. மேலயும் கூட்டிட்டேன், கீழயும் கூட்டிட்டேன். கரெக்டுதானே?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மண்டு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது வாய்ப்பூட்டு. கடைசி பெஞ்சுப் பெண். வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குவதால் ஆசிரியர் அறையில் அவளுக்கு அந்தப் பெயர். அவள் குரல் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் டீச்சருக்கே தெரிந்தது. கொஞ்சம் கரகரப்பான குரல்.

"ஏன் மண்டுங்கறே?" என்றாள் டீச்சர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"அரை இருந்துச்சு. அதோட இன்னும் கொஞ்சம் சேத்தான். எப்படி அரையைவிடக் கம்மியாச்சு?"

"அவன்கிட்டயே கேளு."

வாய்ப்பூட்டு போய் உட்கார்ந்தாள். கட்டம் போட்டாள், பிரித்தாள், அழித்தாள். அவன் "எனக்குப் புரியல, ஏன்?" என்றான். "டேய், இங்க பாருடா" என்று ஆரம்பித்தவள் மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை. மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் குவிந்து நின்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் மண்டு "அட, ஆமால்ல" என்று சொன்னபோது, ஏதோ ஆட்டத்தில் ஜெயித்தது போல ஒரு சத்தம் எழுந்தது. டீச்சர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் 'சி' பிரிவில் யாரும் லீவு போடவில்லை. சத்தமும் கதவுக்குள் நிற்கவில்லை. ஒரு நாள் கதவு தானாகத் திறந்தது. தலைமையாசிரியர் நின்றிருந்தார்.

தலைமையாசிரியருக்கு எப்போதும் முன்னால் ஒரு மைக் இருப்பதாக நினைப்பு. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் வரவேற்புரை போலத்தான் கேட்பார். அவருடைய அறையில் அவள் நின்றுகொண்டே விளக்கினாள். அனுமதியில்லை, உறை, சாவி என்று முகத்தைக் கடுமையாக வைத்திருந்தவர், சாஃப்ட்வேர் என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நீங்களே செஞ்சதா? நம்ம பள்ளியில? டீச்சர், இது சாஃப்ட்வேர் இல்ல. இது ஒரு மைல்கல்."

"சின்ன விஷயம்தான் சார். பசங்க கொஞ்சம் பேச ஆரம்பிச்சிருக்காங்க. அந்த ஒரு பீரியட் மட்டும்…"

"அடுத்த மாசம் கல்வி இயக்குநர் வர்றார். அவர் முன்னால இதை வைக்கிறோம். நல்லபடியா முடிஞ்சா, வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் உங்களுக்கு. நான் வாக்கு கொடுத்தா கொடுத்ததுதான். முடியலன்னா சாவி என் மேசையில இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும். நம்ம பள்ளியிலேர்ந்து வெளிய போறது எதுவும் மூணு பேர் கண்ணுல படாம போகக் கூடாது. தரச் சோதனைக் குழு ஒண்ணு போட்டுடறேன்."

மொழி ஆசிரியர், சயின்ஸ் சார், லேப் சார். மூன்று பேரையும் உட்காரவைத்து அவள் அட்டவணையைத் திறந்து காட்டினாள். "இதுல இருக்கிறதெல்லாம் தப்பான விடை. வேணும்னேதான் தப்பா வச்சிருக்கேன். அவன் தப்பா சொன்னாத்தான் பசங்க பேசுவாங்க. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வகுப்பில் இப்படி ஒரே குரலில் வந்தால் ஒருவருக்கும் புரியவில்லை என்று அர்த்தம். இத்தனை வருட அனுபவம் இருந்தும் அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவில்லை. மறுநாளே வேறொரு பள்ளிக்குத் தேர்வு மேற்பார்வைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். இயக்குநர் வருகிற அன்று காலையில்தான் திரும்பினாள்.

ஆய்வகம் கல்யாணப் பெண் போல இருந்தது. உறை இல்லை, துணி இல்லை, வாசலில் பூச்சாடி. முன்வரிசையில் 'ஏ' பிரிவுப் பிள்ளைகள் தலை வாரி, காலுறையை மேலே இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். 'சி' பிரிவு பின்சுவரோரம், அலமாரிக்குப் பக்கத்தில். "சி-யிலேர்ந்து ஒருத்தியாவது மெஷின்ல உக்காரணும் சார்" என்று அவள் பிடிவாதமாக நின்றதால் வாய்ப்பூட்டுக்கு மட்டும் நாற்காலி கிடைத்தது.

இயக்குநர் வந்தார், பூங்கொத்து வந்தது, தலைமையாசிரியரின் உரை வந்தது. உரையில் புரட்சி மூன்று இடத்தில் வெடித்தது. பெரிய திரையில் படம் தெரிந்தது. கணக்கு டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

மண்டுவின் தலை வாரப்பட்டிருந்தது. சட்டைப் பித்தான்கள் ஒழுங்காகப் போடப்பட்டு, கழுத்தில் ஒரு டை தொங்கியது. வாய் மூடியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'அறிவுச்செல்வன்' என்று போட்டிருந்தது.

அவள் கண் மொழி ஆசிரியரைத் தேடியது.

"கேளும்மா" என்றார் தலைமையாசிரியர். வாய்ப்பூட்டு திரையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு வழக்கமான கணக்கை அமுக்கினாள்.

"ஆறில் ஐந்து" என்றான் அறிவுச்செல்வன். "இரு பின்னங்களையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவந்த பின்னரே கூட்டுதல் வேண்டும். வேறு ஐயம் உண்டா?"

வாய்ப்பூட்டுக்கு ஐயம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பழக்கத்தில் கட்டம் போடும் இடத்தைத் தேடியது. அந்த இடத்தில் பள்ளியின் சின்னம் இருந்தது. அவள் வாய் மெதுவாக மூடிக்கொண்டதை டீச்சர் பார்த்தாள்.

இயக்குநர் குனிந்து தானே இன்னொரு கணக்கை அமுக்கினார். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போக, பதினான்கு. "பிரமாதம்" என்றார். தசமக் கணக்கு ஒன்றை அமுக்கினார். அதுவும் சரி. "எதைக் கேட்டாலும் டக்கு டக்குன்னு சொல்லுதே."

டீச்சர் மொழி ஆசிரியர் பக்கம் நகர்ந்தாள். "என்ன சார் செஞ்சீங்க?"

"ஏன் கேக்கறீங்க. ஒரே தப்பு டீச்சர், வரிக்கு வரி. மூணு பேரும் உக்காந்து ஒண்ணு விடாம திருத்திட்டோம். நல்லவேளை, நீங்க அட்டவணையைச் சுலபமா வச்சிருந்தீங்க." அவர் முகத்தில் மனப்பூர்வமான களைப்பு இருந்தது. "பையன் பேச்சும் கொஞ்சம் கொச்சையா இருந்துச்சு. அதையும் சரி பண்ணிட்டேன். படத்தை லேப் சார் பாத்துக்கிட்டார்."

"தப்பு இருக்கணும்னுதானே சொன்னேன்."

"சொன்னீங்க. அடக்கத்துல சொல்றீங்கன்னு நெனச்சோம்."

அவள் அவரைத் திட்ட முடியாமல் நின்றாள். தப்பு ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும் ஜாதி இது. தன்னிடம் அந்த அட்டவணையை வேறு யாராவது கொடுத்திருந்தால் தானும் இதைத்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது.

"உருவாக்கின ஆசிரியை ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் இயக்குநர்.

அவள் முன்னால் போனாள். "ஐயா, இவன் தப்பா சொல்லணும். அதுக்குத்தான் இவனைச் செஞ்சேன். இப்ப பசங்க இவனுக்குச் சொல்லித்தர எதுவுமே இல்ல."

இயக்குநர் பெரிதாகச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தீங்களா, நல்ல ஆசிரியருக்கு எப்பவும் தன் வேலையில திருப்தி வராது" என்றார் அவர். 'ஏ' பிரிவு கைதட்டியது. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ் அவள் கையில் வந்து சேர்ந்தது. நல்ல கனம்.

மாலையில் அவள் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், வெள்ளிக்கிழமை பீரியட்…"

"கண்டிப்பா. நான் வாக்கு மாறமாட்டேன். கடைசி பீரியட் உங்களுக்குத்தான், சி பிரிவுக்குத்தான். உங்க வகுப்பறையில எடுங்க."

"லேப்?"

"லேப்ல ஏ பிரிவு. லேப் சார் பாத்துப்பார். டீச்சர், நீங்களே சொல்லுங்க, இவ்வளவு புத்திசாலியான ஒரு சாஃப்ட்வேரை அந்தப் பசங்ககிட்ட குடுத்தா அதுக்கு மரியாதையா இருக்குமா? அதோட தரத்துக்கு ஏத்த மாதிரி பசங்க வேணாமா?"

"பழைய மண்டு என்கிட்ட இருக்கான் சார். வீட்டு மெஷின்ல. அவனை வகுப்புக்குக் கொண்டுவரேனே."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இயக்குநர் பாராட்டினது எதை? ஒரு தப்புகூட இல்லாத சாஃப்ட்வேரை. நாளைக்கு யாராவது வந்து, அதே பள்ளியில ஒரு பையன் ஸ்கிரீன்ல உக்காந்துகிட்டு தப்புத் தப்பா உளறிக்கிட்டிருக்கறதைப் பாத்தா? இனிமே நம்ம வளாகத்துக்குள்ள தப்பான விடைக்கு இடமே இல்ல டீச்சர்." சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய்விட்டது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதை இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் கணவர் சான்றிதழை வாங்கி, கையில் தூக்கிப் பார்த்தார். "சட்டம் நல்ல மரம்" என்றார். அவள் காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவர் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"எங்க தொழில்லயும் உண்டு. ஒரு கட்டடத்துல முதலாளி லிஃப்ட்டைப் பூட்டியே வச்சிருக்கார். இத்தனை வருஷமா ஒரு ரிப்பேர் வரலன்னு பெருமை வேற. எல்லாரும் படியேறிப் போறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிரமாதம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? மேல போகவேண்டியவன் எப்படியும் ஏறித்தானே ஆகணும்." அவர் மடிக்கணினியைப் பார்த்தார். "அவனை அழிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்ப சரி. உன் தம்பி ஞாபகமா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து வந்து பெஞ்சுகள்மேல் கிடந்தது. 'சி' பிரிவு பைகளை ஏற்கெனவே தோளில் மாட்டிக்கொண்டு, ஆய்வகத்துக்குப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தது. டீச்சர் உள்ளே வந்து சாக்பீஸை எடுத்ததும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

வாய்ப்பூட்டுதான் கேட்டாள். "மண்டுக்கு என்ன ஆச்சு டீச்சர்?"

"தேறிட்டான்."

வகுப்பே துக்கச் செய்தி கேட்டது போல இருந்தது. முன்பெஞ்சில் ஒருவன் மட்டும் "எல்லாத்துலயுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எல்லாத்துலயும்."

"இனிமே நம்மகிட்ட வரமாட்டானா?"

"ஏ பிரிவுக்குப் போயிட்டான்."

"அங்க போனவங்க திரும்பி வரமாட்டாங்க" என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் விளக்கினான். வாய்ப்பூட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தை டீச்சருக்குத் தெரியும். வருடம் பூராவும் பார்த்த முகம்தான்.

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். பேசாமல் பாடத்தை நடத்திவிட்டுப் போய்விடலாம். அரையை எழுதினாள், கூட்டல் குறி போட்டாள், மூன்றில் ஒன்றை எழுதினாள். காலில் நரம்பு சுண்டியது. மனம் சட்டம் போட்ட சான்றிதழில் இருந்தது, கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. சமக்குறி. ஐந்தில் இரண்டு.

அடிக்கோடு போட்டுவிட்டுத் திரும்பினாள். வகுப்பு வழக்கம் போல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுதினால் எழுத வேண்டும். ஒருத்தி மட்டும் எழுதவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்டு" என்றாள் வாய்ப்பூட்டு.

சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பு முழுவதும் பேனாவை நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தது. இப்போது என்ன விழும் என்று காத்திருந்தது.

டீச்சர் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். எத்தனை வருடம் திருத்திய தப்பு, கடைசியில் அவள் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது. பெருமூச்சு ஒன்று கிளம்பி, பாதி வழியில் நின்றது. அவள் அழிப்பான் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பிறகு கையை இழுத்து, தலையைச் சொறிந்துகொண்டாள்.

"ஏன்? மேலயும் கூட்டிட்டேன், கீழயும் கூட்டிட்டேன். கரெக்டுதானே?"

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்தார்கள்.

வாய்ப்பூட்டு கையை எடுத்தாள். "டீச்சர், அரை இருந்துச்சு இல்ல…"

"எனக்குப் புரியல. ஏன்?"

"இங்க பாருங்க டீச்சர்." எழுந்து வந்தாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். "டீச்சர், நீங்க முதல்ல தள்ளுங்க." சாக்பீஸ் கை மாறியது. கட்டம் போடப்பட்டது, கோணலாகப் பிரிக்கப்பட்டது, அழிக்கப்பட்டது. "அப்படிப் பிரிக்காதடி, மூணால வராது." "எத்தனை தடவை சொல்றது, டீச்சருக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது." அப்படிச் சொன்னவன் சட்டென்று பயந்து அவளைப் பார்த்தான். அவள் பாதி வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

கதவில் தலைமையாசிரியர் நின்றிருந்தார்.

பிள்ளைகள் சிதறி இருக்கைக்கு ஓடினார்கள். அவர் பலகையைப் பார்த்தார். மேலே, டீச்சரின் அழகான கையெழுத்தில், அடிக்கோடோடு, ஐந்தில் இரண்டு. அவர் சொந்தப் பாடம் வரலாறு. ஆனாலும் போன வாரம் இயக்குநருக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைப் பார்த்திருந்தார்.

"யார் போட்டது இது?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வாய்ப்பூட்டு எழுந்து நின்றாள்.

"மண்டு, சார்."

"எந்த மண்டு?" அவர் வகுப்பைக் கண்ணால் துழாவினார். எல்லா முகமும் பொருத்தமாகத்தான் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போய், அழிப்பானை எடுத்துப் பலகையைச் சுத்தமாகத் துடைத்தார். கட்டங்களையும் சேர்த்தே துடைத்தார். "ஆறில் ஐந்து" என்று பெரிதாக எழுதினார். கையிலிருந்த தூசியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி தப்பெல்லாம் போர்டு வரைக்கும் ஏற விடக் கூடாது டீச்சர். பேசாம, சரியான விடையைச் சொல்லி எழுதவச்சிட்டுப் போங்க."

"சரி சார்."

அவர் போனார். காலணிச் சத்தம் தாழ்வாரத்தில் நடந்து, படியிறங்கி, தேய்ந்தது. வகுப்பு டீச்சரைப் பார்த்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். நாற்காலி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. சோபாவில் கிடக்கும் கணவர் ஞாபகம் வந்தது.

அவள் சாக்பீஸை எடுத்தாள். தலைமையாசிரியர் எழுதியதற்குக் கீழே, அவருக்கு மரியாதையாகக் கொஞ்சம் இடம் விட்டு, ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். அதற்குக் கீழே முப்பத்தெட்டு. கோடு போட்டாள். இருபத்தாறு.

"போய்க் கதவைச் சாத்திட்டு வா" என்று வாய்ப்பூட்டிடம் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது. டீச்சர் சேலையில் விழுந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"சரிதானே?" என்றாள்.